மூன்றாவது முறை கேட்கும்வரை

"வேண்டாங்க, இப்பதான் சாப்பிட்டேன்" என்றாள் என்ஸா.

சும்மா சொன்னாள். காலையில் கூடாரத்துக்குள் குந்திக்கொண்டு தின்ற ஒரு துண்டு ரொட்டியோடு சரி, அதற்கப்புறம் பச்சைத் தண்ணீர்தான் இறங்கியிருந்தது. அதற்காக, முதல் தடவை கேட்டதுமே "குடுங்க" என்று கை நீட்டிவிட முடியுமா? அவள் என்ன பறக்காவெட்டியா? இன்னொரு தடவை கேட்பார்கள், அதற்கும் வேண்டாம் என்று சொல்லலாம், மூன்றாவது தடவை "அட, உங்களுக்காக ஒண்ணு எடுத்துக்கறேன்" என்று எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அறை கேட்டுப் போயிருந்த அந்த வீட்டுக்காரப் பெண் "சரி" என்று தலையை ஆட்டினாள். பிஸ்கட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். எழுந்து போய் அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அந்தச் சாயங்காலம் முழுக்க என்ஸா அந்த மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்ஃப்ட் என்கிற இந்த டச்சு ஊர் ஜனங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தலை நரைக்கும் அளவுக்கு இவர்களோடு காலம் தள்ளியவன் நான். இவர்களுக்கு வஞ்சகம் தெரியாது. நீங்கள் வேண்டாம் என்றால் உங்களுக்கு வேண்டாம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்குமேல் வற்புறுத்துவது இவர்கள் அகராதியில் மரியாதைக் குறைவு. வேண்டும் என்று சொன்னீர்களோ, ஒரே ஒரு பிஸ்கட் கிடைக்கும். அதன்பின் டப்பா மூடிக்கொள்ளும். அரசனே வந்தாலும் ஒன்றுதான்.

என்ஸா பிறந்த திராப்பானியில் கதையே வேறு. சிசிலித் தீவின் மேற்கு மூலையில், உப்பளங்களின் ஓரத்தில் இருக்கிற ஊர் அது. அங்கே விருந்துக்குப் போகிற வீட்டில் முதல் தடவையே தட்டை நீட்டிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா கண்ணாலேயே சுட்டெரித்துவிடுவாள். ஒரு தரம் என்ஸாவின் பெரியம்மா, வந்த விருந்தாளியிடம் இரண்டு தடவை மட்டும் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை உள்ளே எடுத்துப் போய்விட்டாள். "கஞ்சப் பிசினாறி, மூணாவது வாட்டி கேக்க வாய் வலிச்சுதாம்" என்று அந்தத் தெருவே இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறது.

இப்படி வளர்ந்த பெண், கடலைத் தடுத்து நிறுத்தும் வித்தையைப் படிக்கிறேன் என்று டெல்ஃப்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பா உப்பளத்தில் வேலை பார்ப்பவர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பாராட்டத் தெரியாத மனிதர். ஆனால் மகள் ரயிலேறிய மறுநாளே உப்பளம் பூராவும், "நாம கடலை உள்ள விடறோம், என் பொண்ணு அதை வெளியில நிறுத்தப் போறா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம். அம்மா ஃபோனில் சொல்லித்தான் என்ஸாவுக்கே தெரியும். கேட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆமாம், கூடாரம்தான். இந்த ஊரில் படிக்க இடம் கிடைத்துவிடும். படுக்கத்தான் இடம் கிடைக்காது. அறை கிடைக்காத பிள்ளைகள் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்து முகாம் மைதானத்தில் கூடாரம் போட்டுக்கொண்டு, அங்கிருந்து சைக்கிளில் வகுப்புக்குப் போய் வருவார்கள். செப்டம்பர் முடிந்ததும் மைதானத்தையும் மூடிவிடுவார்கள். அதற்குள் அறை கிடைக்காவிட்டால் என்ஸா ஊர் திரும்ப வேண்டியதுதான். அம்மா அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்.

"எதுக்குடி கண்ணு அந்தத் தண்ணிக்காட்டுல கிடந்து நனையறே? உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வச்சிருக்கேன். சித்தப்பா மருந்துக்கடைல கல்லாவுல உக்கார ஆள் தேடறார். கிளம்பி வா!"

"வரமாட்டேன்மா."

"சாப்பிட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாதே. உன் குரலே ஒட்டிப் போய் கிடக்கு."

பக்கத்துக் கூடாரத்தில் கியுமர்ஸ் இருந்தான். ஈரானில் யஸ்த் என்ற பாலைவன ஊர்க்காரன், ஆறடி உயரம், கூடாரத்துக்குள் படுத்தால் கால் வெளியே வரும். அவனோடு பழக்கமானது குளியலறை வாசலில். காலையில் இருவரும் ஒரே நேரத்தில் துண்டும் சோப்புமாக வந்து நின்றார்கள்.

"நீங்க முதல்ல போங்க" என்றான் அவன்.

"ஐயையோ, நீங்க போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அவள். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அதெப்படி? உங்களை நிக்க வச்சுட்டு நான் குளிச்சா அந்தத் தண்ணி என் மேல ஒட்டுமா? நீங்க போங்க."

"நீங்கதான் முதல்ல வந்தீங்க."

"வந்ததே உங்களுக்குக் கதவைத் திறந்து விடத்தான்."

இந்த ரகளை நடந்துகொண்டிருக்கும்போதே, உள்ளூர்க்காரர் ஒருவர் "காலை வணக்கம்" என்று சொல்லியபடி இருவருக்கும் நடுவே நுழைந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சாவகாசமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார். வெளியே நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டார்கள். நீங்க நாங்க எல்லாம் போய் நீ நான் ஆகிவிட்டது. ஆனால் குளியலறை வாசல் வழக்கு மட்டும் தினமும் நடந்தது. பழக்கம், விடுமா?

இருவருமே அறை தேடி அலைந்தார்கள். இங்கே மாணவர்கள் சேர்ந்து குடியிருக்கும் வீடுகளில் ஓர் அறை காலியானால், வீட்டிலிருப்பவர்களே புது ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். விண்ணப்பித்தவர்களையெல்லாம் ஒரே சாயங்காலம் வரவழைத்து வட்டமாக உட்கார வைப்பார்கள். நம் ஊர்ப் பெண் பார்க்கிற படலமேதான். என்ன, பத்துப் பெண்களை ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார வைத்துப் பார்ப்பார்கள், பஜ்ஜிக்குப் பதில் பிஸ்கட். எல்லாரும் போன பிறகு வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி ஓட்டுப் போட்டு, யாரைப் பிடித்ததோ அவரை ஃபோனில் கூப்பிடுவார்கள்.

என்ஸாவை யாரும் கூப்பிடவில்லை. போகிற இடமெல்லாம் காப்பி வேண்டாம், பிஸ்கட் வேண்டாம், நல்ல நாற்காலி வேண்டாம், தரையே போதும் என்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறவர்கள், பாவம், இந்தப் பெண்ணுக்கு நம்மையும் பிடிக்கவில்லை, வீட்டையும் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினார்கள். கியுமர்ஸ் கதையும் அதேதான். ஒரு வீட்டில் அறையைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டதற்கு, "இவ்வளவு அழகான அறைக்கு எனக்கு எங்கே தகுதி?" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தான். அவர்களும் அதை நம்பிவிட்டார்கள்.

மைதானம் மூடுவதற்கு முந்தின வாரம், 'மூழ்கிய வாத்து' வீட்டில் ஓர் அறை காலி என்று தெரிந்தது. இங்கே மாணவர் வீடு ஒவ்வொன்றுக்கும் இப்படி ஏதாவது கிறுக்குப் பெயர் இருக்கும். வாய்க்காலைப் பார்த்த மூன்று மாடி வீடு, கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதில் மூன்று பேர் இருந்தார்கள். வீபெ என்ற நெட்டையன், பாலம் கட்டப் படிப்பவன். மார்லேன் என்ற, எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற பெண். யோஸ்ட் என்ற, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் குண்டுப் பையன்.

என்ஸாவும் கியுமர்ஸும் சேர்ந்தே போனார்கள். கூடம் நிறையக் கூட்டம். ஆளாளுக்குத் தம்பட்டம் அடித்தார்கள். ஒருத்தி பியானோ வாசிப்பாளாம். இன்னொருவன் நெடுந்தூர ஓட்டக்காரனாம். என்ஸாவின் முறை வந்தது.

"இந்த வீடு உங்களுக்கு ஏன் சரியா இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று மார்லேன் கேட்டாள்.

என்ஸா வாயில் வந்ததைச் சொன்னாள். "என் கூடாரத்துக்குள்ள தினமும் ஒரு வாத்து வருது. என் ரொட்டியைத் தின்னுட்டு என் தலையணைலயே தூங்குது. துரத்தவும் மனசு வரலே. அதனால வாத்துகளோட குடித்தனம் பண்ணின அனுபவம் எனக்கு இருக்கு."

யோஸ்ட் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பிஸ்கட் துகள் வீபெயின் சட்டையெல்லாம் தெறித்தது. கியுமர்ஸ் உடனே, "அந்த வாத்தை அவ கூடாரத்துக்கு அனுப்பி வைக்கறதே நான்தான். என் கூடாரத்துல இடமில்ல" என்றான். கூடமே அதிர்ந்தது. அன்றைக்கு இருவருமே சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்து மைதானத்துக்கு வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மழை தூறிக்கொண்டிருந்தபோது என்ஸாவின் ஃபோன் அடித்தது.

"வீபெ பேசறேன், மூழ்கிய வாத்துலேர்ந்து. எங்க எல்லாருக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு. அறை வேணுமா?"

என்ஸா சந்தோஷத்தில் கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பா முகம் கண்முன் வந்தது. வாய் இருக்கிறதே வாய், அது தன்பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது.

"ஐயோ, வேண்டாங்க! என்னால உங்களுக்கு எதுக்குச் சிரமம்? எத்தனையோ நல்லவங்க வந்திருந்தாங்க, அவங்களுக்குக் குடுங்களேன்."

"அப்படியா? சரி. படிப்பு நல்லா அமையட்டும். வணக்கம்."

ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

என்ஸா ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுபடி கேட்பான் என்று காத்திருந்தாள். பிறகு ஃபோனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி கூப்பிடுவான் என்று நினைத்தாள். வாத்து வந்து அவள் காலடியில் கிடந்த ரொட்டியைக் கொத்தியது. அப்போதுதான் அவளுக்கு அந்த அலமாரியின் மேல்தட்டு ஞாபகம் வந்தது.

"அடிப் பாவி!" என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

வீபெயைக் கூப்பிட்டாள். அவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். யாருடன்? அடுத்த ஆளுடன்தான், வேறு யாருடன்! மழைச் சட்டையைக்கூடத் தேடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தாள். எதிர்க்காற்று. இந்த ஊரில் எப்போதுமே எதிர்க்காற்றுதான், போகும்போதும் வரும்போதும். பாலத்தில் ஏறி, சந்தைச் சதுக்கத்துக் கூட்டத்தில் மணியடித்துக்கொண்டு புகுந்து, பாலாடைக்கட்டிக் கடைக்காரரிடம் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்து போய் மூழ்கிய வாத்து வாசலில் நின்றாள். மணியை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

கதவைத் திறந்த மார்லேன் கையில் கழிவறை தேய்க்கும் பிரஷ் இருந்தது. பின்னால் யோஸ்ட் சமையலறைத் தரையை முட்டிபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். வீபெ நாற்காலி மேல் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தான். மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"என்ன ஆச்சு?" என்றாள் என்ஸா, வந்த வேலையையும் மறந்து.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் மார்லேன். "எங்க வீட்ல என்ன குறை? நாத்தம் வருதா? ஊரே அறை அறைன்னு அலையுது. நாங்க குடுத்தா ரெண்டு பேர் வேண்டாங்கறீங்க. ஒருத்தர் சொன்னா பரவாயில்ல. ரெண்டு பேருமா?"

"எனக்கு வேணும்!" என்று கத்தினாள் என்ஸா.

"என்ன வேணும்?"

"அறை! எனக்கு அறை வேணும்!"

வீபெ நாற்காலியிலிருந்து இறங்கினான். "ஃபோன்ல வேண்டாம்னீங்களே."

"அது மரியாதைக்குச் சொன்னது. எங்க ஊர்ல அப்படித்தான். நான் வேண்டாம்பேன், நீங்க மறுபடி கேக்கணும். அப்பவும் வேண்டாம்பேன். மூணாவது தடவை கேட்டா சரிம்பேன்."

"அப்ப உங்க ஊர்ல வேண்டாம்னா வேணும்னு அர்த்தமா?"

"ஆமா."

"நிஜமாவே வேண்டாம்னா என்ன சொல்லுவீங்க?"

"வேண்டாம்னுதான்."

"பின்னே எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானே மறுபடி கேக்கறது!"

வீபெ தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். யோஸ்ட் துடைப்பதை நிறுத்திவிட்டு, "எங்க அத்தை வீட்ல நான் இத்தனை வருஷமா ஒரே பிஸ்கட்டோட திரும்பி வரேன். உங்க ஊருக்கு வந்திருக்கலாம்" என்றான். மார்லேன் மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தாள். "சரி. நீங்கதான் முதல் ஆள். இப்ப வேணும்னு நேரா சொல்லிட்டீங்க. அறை உங்களுக்குத்தான். முடிஞ்சது."

என்ஸாவுக்கு அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. பிரஷ் குறுக்கே நின்றது. அப்போதுதான் கேட்டாள். "அந்த இன்னொருத்தர் யாரு? ரெண்டாவதா வேண்டாம்னது?"

"உங்ககூட வந்தாரே, அந்த ஈரான்காரர்தான். 'எனக்கெதுக்குங்க, வேற யாருக்காவது குடுங்க, நீங்க நல்லா இருந்தாப் போதும்'னு ரொம்ப நல்லவிதமா சொன்னார்."

என்ஸாவின் சந்தோஷம் அப்படியே அடங்கியது. குளியலறை வாசல் வழக்கு முழுக்க ஞாபகம் வந்தது. அவன் வேண்டாம் என்றதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை அவளுடையது, யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவளுக்கு அந்த அறை அவ்வளவு வேண்டியிருந்தது. அப்படி நினைத்ததே அதைவிட அவமானமாகவும் இருந்தது.

"அவர் சொன்னதும் என் வேண்டாம் மாதிரிதான்" என்றாள் மெதுவாக.

வாசல் மணி அடித்தது. விடாமல் அடித்தது. மார்லேன் கதவைத் திறந்தாள். கியுமர்ஸ் நின்றான், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. "ஃபோன்ல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தவன், உள்ளே நின்ற என்ஸாவைப் பார்த்தான். முகம் ஒரு நொடி விழுந்தது. உடனே நிமிர்ந்தது. கை நெஞ்சுக்குப் போனது.

"என்ஸா! உனக்குக் கிடைச்சுதா? ரொம்ப சந்தோஷம். நீயே எடுத்துக்கோ."

"இல்ல கியுமர்ஸ், நீ எடுத்துக்கோ."

"அதெப்படி? உன்னைக் கூடாரத்துல விட்டுட்டு எனக்குத் தூக்கம் வருமா? நீ எடுத்துக்கோ."

"நீ கால் நீட்டிப் படுத்து எத்தனை நாளாச்சு? நீதான்."

"உனக்காக நான் வாத்தோடயே படுத்துக்கறேன்."

வீபெ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். பொறுமைசாலி, ஆனால் அவனுக்கும் ஓர் எல்லை உண்டு. "மறுபடியும் ரெண்டு பேருக்கும் வேண்டாமா? அப்ப நான் மூணாவது ஆளைக் கூப்பிடறேன். பியானோக்காரி" என்று ஃபோனை எடுத்தான்.

குளியலறைக்குள் புகுந்த அந்தப் பாட்டுக்காரர் என்ஸாவின் கண்முன் வந்து போனார்.

"நில்லுங்க!" என்று வீபெயின் கையைப் பிடித்தாள். கன்னம் சிவந்து, காது சுட்டது. பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். ஒரே மூச்சில் சொன்னாள். "எனக்கு அறை வேணும். இவனுக்கும் வேணும். ரெண்டு பேரும் பொய் சொல்றோம். பியானோ வேண்டாம்."

கியுமர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுக்கவில்லை.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் கழிவறை தேய்ச்சிருக்க வேண்டியதில்ல" என்றாள் மார்லேன். மூன்று பேரும் தங்கள் மொழியில் சட்டசபை நடத்தினார்கள். முடித்துவிட்டு அவள் திரும்பினாள். "அறை ஒண்ணுதான், அது என்ஸாவுக்கு. கூடத்துல சோஃபா இருக்கு, விரிச்சா கட்டில். வேற அறை கிடைக்கிற வரைக்கும் அதுல படுத்துக்கலாம். கியுமர்ஸ், உங்களுக்குச் சோஃபா வேணுமா?"

"ஐயோ, எதுக்குங்க உங்களுக்குச் சிர..."

என்ஸா அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

"ஆ! வேணும்! வேணுங்க!"

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் மார்லேன்.

சாயங்காலம் இரண்டு கூடாரங்களும் சுருட்டப்பட்டு வந்து சேர்ந்தன. வாத்தைத்தான் விட்டுவிட்டு வந்தார்கள். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முதலில் கேட்ட கேள்வி, "அவங்க கேட்டதும் உடனே சரின்னுட்டியா? மானம் போச்சே!" என்பது. அப்பா ஃபோனை வாங்கினார். "கடலைப் பிடிச்சு நிறுத்திட்டியா?" என்றார். "இன்னும் இல்லப்பா, முதல்ல துணி காயப் போடணும்" என்றாள் என்ஸா. அவர் சிரித்த சத்தத்தை அவள் அன்றைக்குத்தான் ஃபோனில் முதல் முறையாகக் கேட்டாள்.

காப்பி வந்தது. வீபெ மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து கியுமர்ஸ் முன்னால் நீட்டினான்.

"வேண்டாங்க" என்றது கியுமர்ஸின் வாய்.

வீபெயின் கை மூடியை அழுத்தப் போனது. பாதியில் நின்றது. அவன் என்ஸாவைப் பார்த்தான். "மறுபடி கேக்கணுமா?"

அவள் தலையாட்டினாள்.

வீபெ தொண்டையைச் செருமிக்கொண்டான். அவன் பரம்பரையிலேயே யாரும் செய்யாத காரியம். "பிஸ்கட் வேணுமா?"

"வேண்டாங்க, பரவாயில்ல."

வீபெயின் நெற்றி வியர்த்துவிட்டது. யோஸ்ட் மெல்லுவதை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். "பிஸ்கட்... வேணுமா?"

"உங்களுக்காக எடுத்துக்கறேன்" என்று கியுமர்ஸ் ஒன்று எடுத்துக்கொண்டான். யோஸ்ட் கை தட்டினான். "அப்பாடா!" என்று வீபெ பெருமூச்சு விட்டு, களைத்துப் போய், டப்பாவை என்ஸா பக்கம் திருப்பினான். "உங்களுக்கும் மூணு தடவை கேக்கணுமா?"

"தேவையில்ல" என்றாள் என்ஸா. நல்ல பசி அவளுக்கு. "எனக்கு ரெண்டு வேணும்."

"ரெண்டா?" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

வீபெ டப்பாவுக்குள் பார்த்தான், மார்லேனைப் பார்த்தான். மார்லேன் தோளைக் குலுக்கினாள். "கேட்டுட்டாளே, குடு" என்றாள்.